விதைக்குத் தெரிந்த மழை

சீனித்தாய் அக்கா கை நிறைய மண்ணோடு வந்தார். எந்திர அறைக்குள் வராமல் வாசலிலேயே நின்று கையை நீட்டினார்.

"கரண்டுப் பிள்ள, இது என்னன்னு பாரு."

கறுப்பு மண். அதன் நடுவில் ஒரு சோள விதை. விதையிலிருந்து வெள்ளையாக ஒரு வேர் வந்திருந்தது. நகம் வெட்டிப் போட்ட துண்டு அளவுதான்.

"முளைச்சிருக்கு," என்றேன்.

"அது எனக்கும் தெரியுது. ஏன் முளைச்சுச்சு?"

தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, குனிந்து விதையைப் பார்த்தேன். சிந்தலைப்பட்டியில் மழைக்கு முன்பே விதைத்துவிடுவார்கள். காய்ந்த கரிசலை உழுது, புழுதியில் நான்கு விரல் ஆழத்தில் விதையைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். விதையும் காத்திருக்கும். தூறலுக்கெல்லாம் அது ஏமாறாது. மண் அடிவரை நனைந்தால்தான் கண் திறக்கும். நான்கு நாள் முன்பு பெய்தது செருப்பில் மண் ஒட்டாத தூறல். பெரிய மழைக்கு இன்னும் மூன்று வாரமாவது இருந்தது.

"மத்தவுக காட்டுல முளைச்சிருக்காக்கா?"

"ஒருத்தர் காட்டுலயும் இல்ல. என் அறுபது சென்ட்டு மட்டும் முழிச்சுக் கெடக்கு. இப்பவே முழிச்சா அதுக்கு யாரு தண்ணி ஊத்துவா?"

அது இருங்குச் சோளம். கடையில் கிடைக்காது. ஊருக்குள்ளேயே கை மாறி வரும் விதை. தானியத்தைவிடத் தட்டைக்கு, அதாவது காய்ந்த தண்டுக்குத்தான் மதிப்பு. அக்காவிடம் இரண்டு எருமைகள் இருந்தன. கோடை முழுக்க அவை தின்பது அந்தத் தட்டையைத்தான்.

"தட்டை இல்லேன்னா சித்திரைக்குள்ள ரெண்டையும் வித்துரணும்," என்றார். அதைச் சத்தமில்லாமல் சொன்னார். பிறகு எந்திரத்தைப் பார்த்தார்.

நானும் பார்த்தேன்.

எங்கள் எந்திரம் ஒரு பீரோ உயரம். பெருமாள்சாமி அண்ணாச்சியின் கிணற்றடியில் கம்பெனி அதை வைத்து மூன்று மாதமாகியிருந்தது. கிணற்றுத் தண்ணீர் அதற்குள் போய் ஒரு கண்ணாடிக் குழாயைக் கடக்கும். குழாய்க்குள் ஊதா நிறத்தில் ஒளி துடிக்கும். வெளியே வரும் தண்ணீருக்கு ஜெராக்ஸ் கடை வாசனை. அதை மெல்லிய பனிபோல் தக்காளிச் செடிகள்மேல் தெளிப்போம். யூரியா ஒரு பிடிகூடப் போடவில்லை. ஆனாலும் அண்ணாச்சியின் தக்காளி, பக்கத்து ஊர்க்காரர்கள் வண்டியை நிறுத்திப் பார்க்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது. அந்த எந்திரத்தைக் கவனித்துக் குறிப்பு எழுதுவது என் வேலை. படித்தது இயற்பியல். ஊர் சாத்தூர். பெயர் இசக்கியம்மாள் என்றாலும் இங்கே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"அந்தப் பொட்டிக்குள்ள என்னதான் செய்யுதீக?" என்று அக்கா கேட்டார். மூன்று மாதத்தில் இதை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"மின்னல் வெட்டும்போது காத்துல இருக்கிற சத்து உடைஞ்சு மழைத் தண்ணியில கலக்கும்க்கா. அந்தக் குழாய்க்குள்ள நாங்க சின்னச் சின்ன மின்னலா விடுறோம்."

"அப்போ பொட்டிக்குள்ள மழை பெய்யுதுன்னு சொல்லுத."

"மழை இல்லக்கா. மழையோட ருசி மட்டும்."

அக்கா கையிலிருந்த விதையை விரலால் திருப்பினார். "ருசியைக் காட்டிட்டுச் சோறு போடலேன்னா எப்படிப் பிள்ள?"

அன்று மாலை ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு நடந்தேன். எந்திரத்திலிருந்து கிழக்கே இருபது இருபது எட்டு வைத்து நகர்ந்து, ஒவ்வொரு இடத்திலும் தோண்டினேன். அக்காவின் காடு முழுக்க விதைகள் முளைத்திருந்தன. அதன் கிழக்கு வரப்பை நெருங்கும்போது குறைந்தன. இருநூற்று நாற்பதாவது எட்டில் ஒன்றுமில்லை. விதைகள் காய்ந்து, கெட்டியாக, போட்டபடியே கிடந்தன.

பிறகு மேற்குப் பக்கம் போனேன். அங்கே சங்கிலிராசு என்பவரின் காடு எந்திரத்துக்கு மிக அருகில் இருந்தது. அவர் வரப்பில் உட்கார்ந்து நான் தோண்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பிள்ள, புதையலா?"

"விதை முளைச்சிருக்கான்னு பாக்கேன், அண்ணாச்சி."

"என் விதை எல்லாம் ஒழுக்கமான விதை. நேரம் காலம் தெரியாம எந்திரிக்காது. அந்த வீட்டு விதைதான் அப்படி." 'அந்த வீடு' என்றால் சீனித்தாய். பத்து வருடம் முன்பு அக்காவின் எருமை அவர் சோளத்தை மேய்ந்ததிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

அவர் காட்டில் ஒரு விதைகூட முளைக்கவில்லை. அப்போதுதான் என் முகத்தில் மேல்காற்று அடிப்பதைக் கவனித்தேன். மூன்று மாதமாக அது மேற்கிலிருந்து கிழக்கேதான் வீசிக்கொண்டிருந்தது. நாங்கள் தெளித்த பனி முழுவதும் அக்காவின் புழுதியில் போய் இறங்கிக்கொண்டிருந்தது. காய்ந்த மண்ணில் அது ஒன்றும் செய்யவில்லை. தூறல் விழுந்ததும் கரைந்து விதையைத் தொட்டிருக்கிறது.

உறுதிப்படுத்திக்கொள்ள டீக்கடையில் எட்டுப் பேப்பர் கப் வாங்கினேன். காய்ந்த மண், கப்புக்கு மூன்று விதை. நான்கு கப்பில் இரண்டு கரண்டி குடிதண்ணீர். நான்கில் இரண்டு கரண்டி எந்திரத் தண்ணீர். மூன்றாம் நாள் பிரித்துப் பார்த்தேன். குடிதண்ணீர் ஊற்றியதில் விதைகள் தூங்கிக்கொண்டிருந்தன. மற்றதில் பன்னிரண்டும் முளைத்திருந்தன.

ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அக்காவின் எருமைகள் நினைவுக்கு வர இன்னொரு நிமிடம் ஆனது.

கோயம்புத்தூரில் இருந்த தினகரன் சாரைக் கூப்பிட்டேன். அவர்தான் எனக்கு மேலே.

"நல்ல விஷயம்தானேம்மா," என்றார். "கால்வாசி ஈரத்துல முளைக்க வைக்குதுன்னா அது பெரிய சமாச்சாரம். தனியா ஒரு ரிப்போர்ட் போடலாம்."

"சார், முளைச்ச பயிருக்குத் தண்ணி இல்ல. மழை வர நாளாகும். எல்லாம் செத்துரும்."

"எவ்வளவு இடம்?"

"அறுபது சென்ட்."

"அறுபது சென்ட்டா?" அவர் சிரிக்கவில்லை, ஆனால் குரலில் சிரிப்பு இருந்தது. "தக்காளி ரிப்போர்ட் முடிய ஒன்பது நாள்தான் இருக்கு. அதைக் கெடுத்துராத. இந்த விதை விஷயத்தை அதுல சேர்க்காத."

அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். எந்திரம்தான் காரணம் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அண்ணாச்சியின் தோட்டத்துக்கு நடந்தார். நான் பின்னால் போனேன்.

பெருமாள்சாமி அண்ணாச்சி தக்காளிக் கூடைக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தார். முழுக் கதையையும் கேட்டார்.

"இடி இடிச்சாக் காளான் முளைக்கும்னு சொல்லுவாக. சோளமும் அந்தக் கூட்டத்துல சேந்துருச்சா?" என்றார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு வைக்கோலைக் கீழே போட்டார். "என் கிணத்துப் பக்கத்துல இருந்து வந்த வினை. நான் தண்ணி இல்லேங்கல. பாதிப் பழம் பறிச்சாச்சு. தக்காளி கொஞ்ச நாள் பட்டினி கெடக்கட்டும்."

"கிணத்துத் தண்ணியா, அந்தத் தண்ணியா?" என்று அக்கா கேட்டார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். கையால் இறைக்க முடியாத ஆழக் கிணறு அது. மோட்டாரிலிருந்து போகும் குழாய் இரண்டாகப் பிரியும். ஒன்று எந்திரத்துக்கு. இன்னொன்று நேராகத் தோட்டத்துக்கு. சோதனை முடியும்வரை வேறு தண்ணீர் கலக்கக்கூடாது என்று நேர்க்குழாயின் வால்வைக் கம்பெனி ஈயம் வைத்து சீல் போட்டிருந்தது. ஒரு கம்பி, ஒரு சின்ன ஈயத் துண்டு. கட்டிங் பிளேயர் என் பையிலேயே இருந்தது.

"அதை உடைக்க எனக்கு அனுமதி இல்லக்கா," என்றேன். "எந்திரத் தண்ணியே நல்லதுதான். சத்து இருக்கு."

அக்கா வீட்டுக்குப் போனார். இரண்டு பூவாளி கொண்டுவந்தார். பத்தொன்பது நாள் ஊற்றினோம். அவர் ஒரு உழவுச் சாலில், நான் ஒரு சாலில். தக்காளி வாடியது. குறிப்பேட்டில் அதையும் எழுதினேன். தண்ணீர் எங்கே போனது, ஏன் போனது, விதைகள் எத்தனையாவது எட்டுவரை முளைத்திருந்தன, எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். பேச வராது என்றாலும் எழுத வரும்.

இருபதாம் நாள் மழை பெய்தது. அதற்கடுத்த வாரம் கம்பெனி லாரி வந்து எந்திரத்தை ஏற்றிக்கொண்டு போனது. இந்த ஊரில் சோதனை நிறுத்தம் என்று ஒரு வரியில் கடிதம். என்னைக் கோவில்பட்டியில் கணக்கெடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள்.

கிளம்பும்போது அக்காவின் சோளம் இடுப்பளவு இருந்தது. ஊரில் மற்ற காடுகளில் அப்போதுதான் முளை தெரிந்தது.

தை மாதம் அக்கா வரச்சொன்னார். போனேன். அந்த ஊரில் ஒரு பழக்கம் உண்டு. அறுப்புக்கு முன் பெண்கள் எல்லாக் காடுகளையும் சுற்றிப் பார்ப்பார்கள். எந்தக் கதிர் மனதுக்குப் பிடிக்கிறதோ அந்தத் தட்டையில் ஒரு நூலைக் கட்டுவார்கள். நூல் கட்டிய கதிர், கட்டியவருக்கு விதை. யார் காடு என்று பார்ப்பதில்லை. அக்காவின் காட்டில் நுழைந்தபோது எங்கு பார்த்தாலும் நூல். சிவப்பு, மஞ்சள், கிழிந்த சேலைக் கரை, ஒன்றில் ஜடைக்கு மாட்டும் ரப்பர் பேண்டுகூட இருந்தது. முப்பத்துநான்கு வீட்டில் முப்பத்துமூன்று வீடு அங்கே கட்டியிருந்தது.

"ஒருத்தன் மட்டும் வரல," என்று அக்கா சிரித்தார். "அவன் விதை ஒழுக்கமான விதையாம்."

அடுத்த புரட்டாசியில் அக்கா போன் செய்தார்.

"கரண்டுப் பிள்ள, மழை பெஞ்சு ஆறு நாளாச்சு. விதை கண்ணைத் தொறக்கல."

"தூறலா அக்கா?"

"தூறலா? புயல் சின்னம்னு ரெண்டு நாளு விடாமப் பெஞ்சுச்சு. கண்மாயில பாதித் தண்ணி. காடு மட்டும் மொட்டையாக் கெடக்கு. என் காடு மட்டும் இல்ல, ஊரே."

அன்றே பேருந்து ஏறினேன். கரண்டியைப் பையில் வைத்திருந்தேன்.

தோண்டினேன். மண் நன்றாக நனைந்திருந்தது. விதை ஊறிப் பருத்திருந்தது. அழுகவில்லை. நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளையாக, உயிரோடு இருந்தது. ஆனால் முளையில்லை. அடுத்த காட்டில் தோண்டினேன். அதற்கடுத்த காட்டில். எல்லாம் அப்படியே. என் பின்னால் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள்.

மேற்கே திரும்பியதும் பச்சை தெரிந்தது. ஒரே ஒரு காடு. வரிசை பிசகாமல் முளைத்து நின்றது. வரப்பில் சங்கிலிராசு உட்கார்ந்திருந்தார். இந்த முறை அவர் கேலி செய்யவில்லை.

"என் வீட்டுப் பழைய விதை, பிள்ள," என்றார். "வேற ஒண்ணும் செய்யல."

அக்காவின் வீட்டுக்குத் திரும்பினோம். அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். நான் சொம்பைக் கையிலேயே வைத்திருந்தேன்.

"சொல்லு," என்றார்.

"போன வருஷம் நாம ஊத்துன தண்ணிக்கா. அந்தப் பயிருக்குப் பத்தொன்பது நாளும் எந்திரத் தண்ணிதான் மழை. வேற மழை அதுக்குத் தெரியாது. தாய் எந்தத் தண்ணியைக் குடிச்சு வளந்துச்சோ அதைத்தான் மழைன்னு விதைக்குச் சொல்லி அனுப்பியிருக்கு."

"அந்த ருசி இல்லாத மழையை மழைன்னே நம்ப மாட்டேங்குதா?"

"ஆமாக்கா."

வெளியே எருமை கட்டுத்தறியில் உரசியது. அக்கா அந்தப் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்குக் கிணத்துத் தண்ணியே ஊத்தியிருந்தா?"

சொம்பைக் கீழே வைத்தேன். ஒரு கம்பி, ஒரு ஈயத் துண்டு. அவர் திரும்பக் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஊறுன விதை எத்தனை நாள் தாங்கும்?"

"இன்னும் நாலஞ்சு நாள். அதுக்கு மேல அழுகிரும்."

தெருவுக்கு வந்து தினகரன் சாரைக் கூப்பிட்டேன். எந்திரம் வேண்டும், உடனே வேண்டும் என்றேன். காரணம் கேட்டார். சொன்னேன். மறுமுனையில் பேனா கீறும் சத்தம் கேட்டது.

"அப்போ அந்த விதை, நம்ம எந்திரம் இல்லாம முளைக்காது," என்றார் மெதுவாக.

"ஆமா சார்."

"நல்ல மழை பெய்தாலும்?"

"ஆமா சார்."

"இசக்கி, அந்த விதையில ஒரு கால் கிலோ எடுத்து கவர்ல போட்டு எனக்கு அனுப்பு. எந்திரத்துக்கு ஏற்பாடு பண்றேன். பத்து நாள் ஆகும். விதையை மட்டும் இன்னைக்கே அனுப்பு."

அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

அக்கா வீட்டு மண் குலுக்கையில் மிச்சம் விதை இருந்தது. கால் கிலோ கேட்டேன். ஏன் என்று கேட்காமல் அளந்து போட்டார். கவரை என் பையில் வைத்தேன். தபால் நிலையம் பக்கத்து ஊரில். நாளைக்குப் போகலாம் என்று நினைத்தேன்.

அடுத்த நாளும் போகவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் இருந்தது சின்ன மின்னல் என்றால் விதை காத்திருப்பது மின்னலுக்குத்தான் என்று அக்கா எல்லோரிடமும் சொல்லிவிட்டார். இரண்டாம் நாள் தூறியது. சத்தமில்லாத மழை. அதை யாரும் விரும்பவில்லை.

"இடிக்கே வழியில்ல. அந்தக் காலத்துல இடி விழுந்துச்சுன்னா அர்ச்சுனா அர்ச்சுனான்னு கத்துவோம்," என்றார் பெருமாள்சாமி அண்ணாச்சி. "இப்ப வாடா சாமி வாடாங்குதோம்."

நான்காம் நாள் மாலை நான்கு மணிக்குத் தென்கிழக்கு கறுத்தது. மின்னினால் டிவியை அணைத்து, கண்ணாடியைத் துணியால் மூடி, கதவைச் சாத்தும் ஊர் அது. அன்று எல்லா வீட்டு வாசலிலும் ஆள் நின்றார்கள். முதல் மின்னல் தூரத்தில் வெட்டியது. அக்கா விரல்விட்டு எண்ணினார். பதினொன்றில் இடி கேட்டது. அடுத்தது எட்டில். அடுத்தது மூன்றில். பிறகு எண்ண முடியவில்லை. மழை கனமாக இறங்கியது. நாங்கள் வாசலிலேயே நனைந்துகொண்டு நின்றோம்.

"இது போதுமா பிள்ள?" என்று அக்கா என் காதருகே கேட்டார்.

"தெரியலக்கா."

தெரியாது என்று சொல்வதற்கு அன்று எனக்கு வெட்கமாக இல்லை.

இரண்டு நாள் கழித்துக் காலையில் தோண்டினோம். இருபதாவது எட்டில் மூன்று முளை. நாற்பதில் ஒன்றுமில்லை. அறுபதில் ஐந்து. ஒழுங்கே இல்லை. அக்காவின் காட்டில் பாதிக்கு மேல் முளைத்திருந்தது. மற்ற காடுகளில் சில இடங்களில் பாதி, சில இடங்களில் அதைவிடக் குறைவு. முளைக்காத விதைகள் கொழகொழவென்று ஆகிவிட்டிருந்தன.

"ஒரு எருமைக்குத் தட்டை வரும்," என்றார் அக்கா, மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தபடி. "ஒண்ணைக் கொடுத்துரணும்."

அப்போது போன் அதிர்ந்தது. தினகரன் சார். விதை இன்னும் வரவில்லையே என்று செய்தி. அதன் கீழேயே இன்னொன்று: இது உன் பெயரில் வரும், யோசித்துப் பார்.

யோசித்தேன். எங்கள் எந்திரத்தை வாங்கினால்தான் முளைக்கும் விதை. எத்தனை விதையில் இதைச் செய்யலாம் என்றும் யோசித்தேன். நெல், கம்பு, உளுந்து. எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. என் கப்புகளில் பன்னிரண்டும் முளைத்த காலையில் இருந்த அதே ஆசை.

பையிலிருந்து கவரை எடுத்தேன். எருமைத் தொட்டியில் தவிடு கரைத்து வைத்திருந்தது. கவரைக் கிழித்து விதை முழுவதையும் அதில் கொட்டினேன். பெரிய எருமை மூக்கை விட்டு ஊதிவிட்டு, குடிக்கத் தொடங்கியது.

"விதையைப் போயி மாட்டுக்குப் போடுதியே," என்றார் அக்கா.

"குலுக்கையில மிச்சம் இருக்கிறதையும் போட்ருங்கக்கா. மத்தவுகளையும் போடச் சொல்லுங்க."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தொட்டியைப் பார்த்தார். "அப்போ தையில நாங்க எங்க போயி நூல் கட்ட?"

நான் மேற்கே பார்த்தேன். அவரும் பார்த்தார். சங்கிலிராசு தன் காட்டில் குனிந்து களை வெட்டிக்கொண்டிருந்தார். அவர் பயிர் அப்படி ஒன்றும் செழிப்பில்லை. ஒல்லியாக, வெளிறிப்போய் இருந்தது. ஆனால் ஒரு இடத்திலும் இடைவெளி இல்லை.

"பதினோரு வருஷமாச்சு," என்றார் அக்கா.

"நான் வேணா கேக்கட்டுமா?"

"நீயா? நீ வாயைத் தொறக்கதுக்குள்ள மாசி பிறந்துரும்."

சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தார். எந்திரம் இருந்த சிமெண்டு மேடையைத் தாண்டி, அண்ணாச்சியின் கிணற்றைத் தாண்டி, அந்த வரப்பின் ஓரத்தில் போய் நின்றார். நான் கிணற்றடியிலேயே நின்றுவிட்டேன். நேர்க்குழாய் வால்வில் பழைய சீல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏ சங்கிலிராசு," என்று அக்காவின் குரல் கேட்டது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் களைவெட்டி நின்றது.